கறை படாத சீட்டுகள்

மர்சூக் நானாவின் வீடியோ காமிராவை மாதர் சங்கத் தேர்தலுக்கு இழுத்து வந்தவள் கோகிலாதான். அதுவரை அந்தக் காமிரா றக்வானையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கல்யாண வீட்டையும் சடங்கு வீட்டையும் தவிர வேறெதையும் கண்டதில்லை. மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றிப் பூ வளையம் விழ வைக்கிற காமிரா. அதை வைத்து ஓட்டு எண்ணப்போகிறாள் என்றதும் தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அன்றைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோகிலா சிரிக்கவில்லை. அவளுக்கு வயிற்றெரிச்சல். போன தேர்தலில், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெண்களை நிறுத்தி வைத்துக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். எண்ணியவர் கணக்கப்பிள்ளை ஏழுமலை. போட்டியிட்டவர்களில் ஒருத்தி கோகிலா, மற்றவள் ஏழுமலையின் உடன்பிறந்த தங்கை தவமணி. கோகிலா பக்கம் தூக்கிய கைகள் அந்த மனுசன் கண்ணுக்கு மட்டும் எப்படியோ குறைவாகத் தெரிந்தன. "இன்னொரு தடவ எண்ணுங்கய்யா" என்று கேட்டபோது, "மழ வருது, எல்லாரும் மலைக்குப் போங்க" என்றார். மழையும் வரவில்லை, மண்ணும் வரவில்லை.

மாதர் தலைவி என்பது பெரிய மகாராணிப் பதவி ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவளுக்கு ஓர் உரிமை உண்டு. கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்கலாம், சந்தேகம் வந்தால் கேட்கலாம். தவமணியும் ஆறு வருசமாக நின்றாள், தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி. தராசோ உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் வட்டத் தராசு. முள்ளும் இலக்கமும் கணக்கப்பிள்ளை பக்கம் இருக்கும், தகரமான முதுகுப் பக்கம் பெண்களுக்கு. கொக்கியில் சாக்கை மாட்டியதும் அவர் ஓர் எண்ணைச் சொல்வார், அதுதான் நிறை. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அன்றைக்குக் கிள்ள வேண்டிய அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். அதாவது நாள் முழுக்க மழையில் நனைந்தவளுக்கு அரை நாள் சம்பளம்.

"தராசோட மூஞ்சிய நம்ம பக்கம் திருப்பணும். எனக்கு அது போதும்" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள் கோகிலா. அவள் கேட்ட ஓட்டு அந்த ஒன்றுக்குத்தான்.

அவளுக்காக முன்னால் நின்று ஓட்டுக் கேட்டவள் வெள்ளையம்மா. மடுவத்தை ஒட்டினாற்போல் இருக்கிற பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா அவள். கோகிலாவைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய ஒரே மகள் ஷாமிளா இரண்டு வருசம் கொழுந்தெடுத்தாள். எடுத்த நாட்களில் முக்கால்வாசி அரைப்பேர். கடைசியில், "இந்தத் தோட்டத்துல இருந்தா எனக்குப் பாதி உசிருதாம்மா" என்று சொல்லிவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து மடுவத்துப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் வெள்ளையம்மா காறித் துப்புவாள்.

தேர்தலை நடத்தித் தரப் பொது ஆளாகக் கிடைத்தவர் ஆபீஸ் கிளாக்கர் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாதிப் பெண்களின் முகம்கூட அவருக்குத் தெரியாது. அதனாலேயே இரண்டு பக்கமும் அவரை ஒத்துக்கொண்டது.

"கை தூக்குறது வேணாங்கய்யா. சீட்டுப் போடுவோம். எண்ணயில ஒவ்வொரு சீட்டையும் காமிராவுக்குக் காட்டணும். வயர் இழுத்து வெளிய டிவி வச்சிருவோம். சனம் பூரா பாக்கட்டும். எடுத்த காசெட்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொண்ணு குடுக்கணும். பொறவு யாரும் மாத்திப் பேசக்கூடாது" என்றாள் கோகிலா.

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது நாட்டுத் தேர்தலிலயும் இல்லாத புதினமாக் கிடக்கு, பிள்ளை. ஆனா நல்ல யோசனைதான். செய்வம்."

ஏழுமலை சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று தலையாட்டினார். "நமக்கு என்னா பயம்? வீடியோ என்னா, ஏரோப்பிளேனே கொண்டாந்து எடுக்கட்டும்."

மர்சூக் நானாவோ முதல் நாளே வந்து காமிராவை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணுக்கும் பயப்பட வாணாம் தங்கச்சி. சீட்டுல ஒரு ஈ உக்காந்தாலும் இதுல வெளங்கும்."

அது கோகிலாவின் மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

ஓட்டுப் போடும் இடம் பிள்ளைக்காம்பரா. நேரம், மத்தியான நிறுவையும் அந்தி நிறுவையும். இதுவும் கோகிலாவின் ஏற்பாடுதான். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னால் பாதிப் பேர் அடுப்படியோடு நின்றுவிடுவார்கள். ஆகவே சாக்கை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். ஈரக் கொழுந்து கிள்ளினால் விரலில் ஏறுகிற கறுப்புக் கறை சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. அந்த விரலாலேயே சீட்டை வாங்கினார்கள், படத்துக்கு நேரே பெருக்கல் குறிபோல் புள்ளடி போட்டார்கள், மடித்துப் பெட்டியில் போட்டார்கள். கோகிலாவுக்குக் குடைப் படம், தவமணிக்கு விளக்குப் படம்.

மத்தியானம் முடிந்ததும் பஞ்சலிங்கம் சாப்பிடப் போனார். தவமணியின் சார்பில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவள், அந்தி நிறுவைக்குள் நாலு கிலோவாவது கிள்ளாவிட்டால் தனக்கே அரைப்பேர் ஆகிவிடும் என்று மலைக்கு ஓடிவிட்டாள். பெட்டியும் மிச்சச் சீட்டும் பெயர்ப்பட்டியலும் பிள்ளைக்காம்பராவிலேயே இருந்தன. குழந்தைகள் தூங்கின. காவலுக்கு வெள்ளையம்மா இருந்தாள். வெள்ளையம்மா இருக்கும்போது என்ன கவலை என்று கோகிலாவும் நிம்மதியாகக் கொழுந்தெடுக்கப் போனாள்.

அந்தியில் எண்ணினார்கள். பட்டியலில் அடையாளம் போட்ட பெயர்களும் பெட்டியில் இருந்த சீட்டுகளும் ஒத்துப்போயின. "கணக்குச் சரியாக் கிடக்கு" என்றார் பஞ்சலிங்கம். கோகிலாவும் தவமணியும் காமிராவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்த்தப்பட்டிருந்தார்கள். அங்கிருந்து மர்சூக் நானாவின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வெளியே வராந்தாவில், பாலித்தீன் கூரைக்குக் கீழே டிவி. ஒவ்வொரு சீட்டையும் பஞ்சலிங்கம் இரண்டு ஓரத்திலும் பிடித்துக் காமிராவுக்குக் காட்ட, "குடை!" "வெளக்கு!" என்று வெளியே சனம் கத்தியது. சத்தத்தை வைத்தே கோகிலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். முதலில் விளக்கு முன்னுக்குப் போனது. பிறகு நடுவில் ஓர் இடத்தில் "குடை! குடை! குடை!" என்று இடைவிடாமல் வந்தது. வெளியே ஒருத்தி தகரத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

கோகிலா பதினொரு ஓட்டால் வென்றாள்.

தவமணி அழுதாள். ஏழுமலை தங்கையைத் தோளைத் தட்டிக் கூட்டிப்போனார். தோட்டமே கண்ணால் பார்த்த கணக்கு, குறை சொல்ல வழியில்லை. வெள்ளையம்மா கோகிலாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மர்சூக் நானா இரண்டு காசெட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார். தவமணிக்குச் சேர வேண்டியதை, "நான் பத்திரமா வச்சிக்கிறேன்" என்று ஏழுமலை வாங்கிக்கொண்டார். கோகிலாவின் காம்பராவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் அவள் புருசன் முத்துவீரன் வாடகை வீடியோ டெக்கை டிவியோடு பூட்டினான். ஜன்னல் இல்லாத காம்பரா. பல்பைப் போட்டுவிட்டு, கட்டிலிலும் தரையிலும் வாசற்படியிலுமாக இருபது முப்பது பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கோகிலா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

யாரும் தேர்தலைப் பார்க்கவில்லை. தங்களைத்தான் பார்த்தார்கள். "அய்யோ, ஏன் மூஞ்சி இம்புட்டு கறுப்பா இருக்கு?" "ஏ, பின்னால நிக்கிறது ஒன் மாமியாடி, கொட்டாவி விடுறத பாரு!" என்று ஒரே கும்மாளம். எண்ணுகிற கட்டம் வந்ததும் கோகிலாவும் கையில் கேத்தலோடு வந்து நின்றாள். அவள் அதை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள்.

நானா சொன்னது பொய்யில்லை. சீட்டு டிவி நிறையத் தெரிந்தது. புள்ளடியைவிட அவள் கண்ணில் முதலில் பட்டது கறைதான். ஒவ்வொரு சீட்டிலும் ஓரத்தில் ஒரு கட்டை விரல், மடிப்பில் இரண்டு விரல். கறுப்பாக, ஈரமாக, கொழுந்துச் சாறு. விளக்குக்குப் போட்டவளும் சரி, குடைக்குப் போட்டவளும் சரி, எல்லாரும் கைரேகை வைத்த மாதிரிதான் வைத்திருந்தார்கள். எங்கள் கை, எங்கள் ஓட்டு என்று கோகிலாவுக்குப் பெருமை பொங்கியது. கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது ஒரு வெள்ளைச் சீட்டு வந்தது. குடை. ஒரு பொட்டுக் கறை இல்லை. கோகிலா தனக்குள் சிரித்துக்கொண்டாள். இது வெள்ளையம்மா அக்காவுடையது. தோட்டத்துப் பெண்களில் கறை இல்லாத கை அவளுடையதுதானே. நாள் முழுக்கக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற கை.

அடுத்த சீட்டும் வெள்ளை. அதுவும் குடை.

யாராவது மத்தியானம் கையைக் கழுவிவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தாள். அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். கோகிலாவின் சிரிப்பு வாயிலேயே உறைந்துவிட்டது. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி, எல்லாம் ஒரே மடிப்பு, எல்லாம் ஒரே சாய்வில் போட்ட புள்ளடி. டிவிக்குள் சனம் "குடை! குடை!" என்று கத்துகிறது, தகரம் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அவள் கையில் கேத்தல் சாய்ந்து சுடுதண்ணீர் காலில் சிந்தியது, அதுகூடத் தெரியவில்லை. முதல் வெள்ளைச் சீட்டை விட்டுவிட்டு எண்ணினாள். பதினேழு.

பதினொரு ஓட்டால் ஜெயித்தவள் அவள். பதினேழைக் கழித்தால் தோற்றவள்.

சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா, மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முத்துவீரண்ணே, அந்தக் கட்டத்த திருப்பிப் போடுங்க! குட குடனு வருமே, அத!" என்று யாரோ கூவினாள். முத்துவீரன் ரிமோட்டைத் தூக்கினான். கோகிலா ஒரே எட்டில் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கரண்டு போயிருச்சு" என்றாள்.

தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் பல்பைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். ஜெயித்த களைப்பு போலும் என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். கோகிலாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பீலிக்கரையில் வெள்ளையம்மாவைப் பிடித்தாள். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீங்களா?"

வெள்ளையம்மா மறுக்கவில்லை. "ஆமா. என்னா இப்ப?"

"யாரு பேருல போட்டீங்க?"

"கொழும்புல இருக்கிறவளுங்க, பெய்ரூத்துக்குப் போனவளுங்க. இன்னும் பட்டியல்ல பேரு வெட்டாமதான இருக்கு. அந்த கிளாக்கரய்யாவுக்கு யாரு இருக்கா, யாரு இல்லன்னு என்னா தெரியும்?" குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நான் யாரு ஓட்டையும் திருடல புள்ள. அவளுங்க இங்க இருந்தா ஒனக்குத்தான் போட்டிருப்பாளுங்க. எம் மக பேருலயும் ஒண்ணு போட்டேன். ஷாமிளா ஒனக்குப் போடாம அந்த தவமணிக்கா போடுவா?"

"நான் காமிரா கொண்டாந்தது எதுக்குக்கா?"

"அவங்க களவ பிடிக்க."

"அக்கா!"

"என்னா அக்கா? போன தடவ ஏழுமல வாயாலயே எண்ணி ஒன்னைய தோக்கடிச்சப்ப யாரு வந்து கேட்டா? தராசு திரும்பணும். யாரு திருப்புனா என்னா, எப்படி திருப்புனா என்னா? நாளைக்கு நீ போய் நில்லு. திருப்பச் சொல்லு. அம்புட்டுத்தான்." சொல்லிக்கொண்டே போனவள் திரும்பிப் பார்த்தாள். "கறைய நான் மறந்துட்டேன், புள்ள. அது ஒண்ணுதான் தப்பு."

கோகிலா இடிந்துபோய்ப் பீலிக்கரைக் கல்லிலேயே உட்கார்ந்தாள். அது ஒண்ணுதான் தப்பாம்! கோபம் வந்தது, ஆனால் யாரைக் கோபிப்பது? மகளை அனுப்பிவிட்டு வெறும் காம்பராவில் தூங்குகிற ஒருத்தியை எப்படித் திட்டுவது? அதைவிடப் பயங்கரமான ஒன்று அவளுக்குள்ளேயே இருந்தது. யாருக்கும் தெரியாவிட்டால் இப்படியே விட்டுவிடலாமே என்று ஒரு மூலையில் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. தராசு திரும்பினால் எல்லாருக்கும் நல்லதுதானே. பெண்கள்தான் ஒன்றையும் கவனிக்கவில்லையே.

அந்த நினைப்போடுதான் திங்கட்கிழமை மத்தியானம் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தவமணியும் சாக்கோடு வரிசையில் நின்றாள்.

"கணக்கப்புள்ள ஐயா, தராச எங்க பக்கம் திருப்புங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சன்னமாக வந்தது.

ஏழுமலை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். கிட்டே வந்து, சுகம் விசாரிப்பவர்போல் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நேத்து ஒன் வீட்டுல கரண்டு போயிருச்சாமே, கோகிலா? எங்க வீட்டுல போகல. நான் கடைசி வரைக்கும் பாத்தேன்."

கோகிலா வரிசையில் நின்ற தவமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம்புட்டு சுத்தமான சீட்டுங்க! ஒரு பொட்டு அழுக்கு இல்ல. நான் யாருகிட்டயும் வாய தொறக்கல, தொறக்கவும் மாட்டேன். நீ தலைவியா இரு, எனக்கு சந்தோசம். நான் தராசு பிடிக்கிறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம். என்னா?"

பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அடுத்த சாக்க மாட்டு!" என்றார்.

தராசு திரும்பவில்லை. கோகிலா ஒன்றும் பேசவில்லை. பெண்களின் முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு அணைகிற மாதிரி இருந்தது. "இவளும் அவ்வளவுதானா" என்று யாரும் வாயால் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் மறுபடி மலைக்கு ஏறிப் போய்த் தன் தேயிலை நிரையில் கொழுந்தைக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ள விரல் கறுத்தது. தவமணி தராசுக்கு முதுகைக் காட்டி நின்றதற்கும் தான் வாயைப் பொத்தி நின்றதற்கும் என்ன வித்தியாசம்? காமிரா வேண்டும், காசெட் வேண்டும், எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று குதித்தவள் அவள். தெரிந்துவிட்டது. இப்போது அதை மறைக்கத்தான் அவளுக்குப் பதவி.

அந்தி நிறுவைக்குப் பெண்கள் இறங்கி வந்தபோது, தாய்மாரின் வரவுக்காக வெள்ளையம்மா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றிருந்தாள். கோகிலா அவளைப் பார்க்காமல் நேரே மடுவத்துப் படியில் ஏறினாள். முதல் சாக்கைக் கொக்கியில் மாட்டப் போனவளை நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க. எல்லாரும் கேளுங்க. நான் ஜெயிக்கல."

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. "ஏய் கோகிலா, என்னா பேசுற?"

"பெட்டிக்குள்ள பதினேழு கள்ள ஓட்டு இருந்துச்சு. அத்தனையும் எனக்கு. நம்ம கை பட்ட சீட்டுல எல்லாம் கறை இருக்கு. அந்தப் பதினேழுலயும் கறை இல்ல. காசெட்ட போட்டு நீங்களே பாருங்க. நேத்து கரண்டு போகல, நான்தான் பிளக்க புடுங்குனேன்."

ஒருத்தி "அடிப்பாவி!" என்றாள். இன்னொருத்தி, "நீயா? நீயாடி?" என்று கேட்டபடி தலையில் கையை வைத்துக்கொண்டு சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரு போட்டா? சொல்லு!" என்று பின்னாலிருந்து குரல்கள்.

"எனக்காகப் போட்டது. அதனால நான் போட்டதுதான். கிளாக்கரய்யாகிட்ட சொல்லி மறுபடியும் நடத்துவோம். இப்ப நான் தலைவி இல்ல." அவள் ஏழுமலை பக்கம் திரும்பினாள். "ஐயா நேத்தே பாத்துட்டாரு. நான் தராச பத்திப் பேசாம இருந்தா யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு மத்தியானம் சொன்னாரு."

இப்போது அதிர்ச்சி தவமணிக்கு. வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "அண்ணே, நீங்க பாத்தீங்களா? நான் ஜெயிச்சது ஒங்களுக்குத் தெரியுமா?"

ஏழுமலை கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு ராத்திரி பூரா அழுதேன். நேத்தே பாத்துட்டு எங்கிட்ட ஏன் சொல்லல? தங்கச்சிய விட ஒங்களுக்கு வாய் கட்டுன தலைவிதான் தேவப்பட்டாளா?"

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஏழுமலை. அவர் கை தன்னையறியாமல் தராசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

கூட்டம் விலகியது. வெள்ளையம்மா படியேறி வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையைக் கோகிலாவின் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைக் கோகிலா ஏறிட்டுப் பார்த்தாள். அங்கே மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"நான்தான் போட்டேன்" என்றாள் வெள்ளையம்மா, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து. "கள்ளிதான். துப்புறவளுங்க பொறவு துப்புங்க, நான் எங்கயும் ஓடிப் போகல." பிறகு ஏழுமலையைப் பார்த்தாள். "நான் செஞ்சது டிவில வந்துருச்சு. சனம் பூரா பாத்தாச்சு. இப்ப ஒங்க மொறை, ஐயா. நீங்க செய்றத நாங்க பாக்கணும்."

"தராசுல கை வைக்காத! தொரைகிட்ட சொல்லிருவேன்!"

"சொல்லுங்க."

குழந்தைகளைக் குளிப்பாட்டி வெளுத்துப்போன அந்தக் கை, தராசைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றியது. சங்கிலி கிறீச்சிட்டது. ஏழுமலை தடுக்க வந்தார். தவமணி குறுக்கே நின்றாள். தராசு ஆடி ஆடி, அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் ஒருநாளும் கண்டிராத தன் முகத்தை அவர்கள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது.

கொக்கியில் சாக்கு இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் கொக்கி.

முள் பூச்சியத்தில் நிற்கவில்லை. பூச்சியத்துக்குப் பின்னால், இரண்டு கிலோ தள்ளி நின்றது. கொக்கியில் இரண்டு கிலோ கொழுந்தைப் போட்டால்தான் அந்த முள் பூச்சியத்துக்கே வந்து சேரும். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ. எத்தனை வருசமோ! படியில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தவமணி அண்ணனைப் பார்த்த பார்வையைக் கோகிலாவால் பார்க்க முடியவில்லை. ஆறு வருசம் இந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றவள் அவள்.

வெள்ளையம்மா அந்த முள்ளுக்குக் கிட்டே போனாள். விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் அதுவரை நிமிர்ந்து நின்றவள் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு கிலோ..." என்றாள். "எம் மக தெனமும் ஒரு கிலோ, ஒண்ணர கிலோ கொறையுதுன்னுதானடி அரப்பேரு வாங்குனா."

கோகிலாவின் கையிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.